எம்.எல்.ஏ.வுக்கென்று மூடி வைத்த குடம்

மட்டாஞ்சேரியில் எங்கள் சந்துக் கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரிக்கும். சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது. ஆலுவாவிலிருந்து வரும் நல்ல தண்ணீர் படகுத்துறைப் பக்கத்துத் தெருக்குழாயோடு நின்றுவிட்டது. விடிவதற்குள் போய் வரிசையில் நின்று, அம்மா இரண்டு நடையில் இரண்டு குடம் சுமந்து வருவாள். ஆறு பேருக்கு அவ்வளவுதான்.

எழுபதுகளின் தொடக்கத்தில் அவர் முதல் முறையாக எங்களிடம் ஓட்டுக் கேட்டு வந்தார். சைக்கிளில் வந்தார். செருப்பை வாசலில் விட்டு உள்ளே வந்து, சந்துக்குள் குழாய் போட்டுத் தருவதாக அம்மாவின் முகத்தைப் பார்த்துச் சொன்னார். அம்மா நல்ல தண்ணீரில் சாயா போட்டுக் கொடுத்தாள். அன்று எங்கள் கஞ்சி கிணற்றுத் தண்ணீரில் வெந்தது.

அவர் எம்.எல்.ஏ. ஆனார். குழாய் வரவில்லை. ஆனால் அவர் வரப்போகிறார் என்று கட்சிக்காரர்கள் சொன்னதும், சந்திலிருந்த தமிழ் வீடுகளிலெல்லாம் ஒரு குடம் நல்ல தண்ணீரை மூடி வைப்பது மட்டும் வழக்கமாகிவிட்டது. இரண்டாம் தேர்தலுக்கு அம்பாசிடர் காரை முனையில் நிறுத்திவிட்டு நடந்து வந்தார். அப்போதும் குடம் காத்திருந்தது.

மலையாளப் பள்ளியில் படித்தவள் என்பதால் மனு எழுதுவது என் வேலை. ஒருமுறை அவர் நடத்திய குறை கேட்கும் கூட்டத்துக்கு நானே மனுவோடு போனேன். தண்ணீர் அதிகாரி நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். எம்.எல்.ஏ. மனுவைப் பிரிக்கக்கூட இல்லை.

"உங்க சந்துல எத்தனை தடவை சாயா குடிச்சிருக்கேன், மோளே. நல்ல ஒண்ணாந்தரம் தண்ணியில்லே அது?" என்று சிரித்தார்.

அதிகாரி நோட்டை மூடிவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் வாய்க்கு வந்தபடி கத்தினேன். வாசல் ஏறி வந்தவருக்கு உப்புத் தண்ணீரையா கொடுப்பது, நம்மை என்னவென்று நினைப்பார் என்று கேட்டாள் அம்மா. அவரைவிட அவள்மேல்தான் அன்று எனக்கு ஆத்திரம் அதிகம்.

எண்பதுகளில் மறுபடியும் தேர்தல். அவர் வந்து உட்கார்ந்ததும் அம்மாவுக்கு முன்னால் நான் அடுப்படிக்குப் போய், கிணற்றுத் தண்ணீரில் சாயா போட்டு நீட்டினேன். ஒரு வாய் குடித்தவரின் முகம் கோணியது. பல நாளாக மனதுக்குள் சொல்லிப் பார்த்திருந்ததைச் சொன்னேன்.

"சார், இதுதான் எங்க சந்துத் தண்ணி."

அவர் பதில் சொல்வதற்குள் அம்மா ஓடி வந்து தம்ளரைப் பிடுங்கிக்கொண்டாள். பெண் கை தவறி உப்பைப் போட்டுவிட்டாள் என்று கெஞ்சினாள். மூடி வைத்த குடத்திலிருந்து இரண்டாவது சாயா வந்தது. அதைச் சொட்டு விடாமல் குடித்தார் அந்த மகராசன்.

"கல்யாணத்துக்கு முந்தி சாயா போடப் படிக்கணும், மோளே" என்றார், போகும்போது.

ஜெயித்து மந்திரியும் ஆனார். அந்த மழைக்காலத்தில் அம்மா குடத்தோடு வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். நடமாட்டம் போயிற்று. கேள்விப்பட்டு மந்திரி பார்க்க வந்தார், கையில் ஆரஞ்சுப் பையோடு. கட்டிலருகே உட்கார்ந்து ரொம்ப வருத்தப்பட்டார். அம்மா படுத்தபடியே என்னைப் பார்த்து, மூடி வைத்திருந்த குடத்தைக் கண்ணால் காட்டினாள்.

அதில் இருந்தது அன்று காலை நான் சுமந்து வந்த தண்ணீர். நான் இடத்தை விட்டு எழவில்லை.