என் குரலுக்குக் கீழே

இத்தாலியில், பலெர்மோ நகரத்தின் சீசா என்ற பகுதியில் ஒரு ஜப்பான்காரர் வீட்டில் நான் நாலு வருடம் வேலை செய்தேன். பலெர்மோவில் ஜப்பான்காரருக்கு என்ன வேலை என்று எல்லாரும் கேட்பார்கள். அவருடைய மனைவி இந்த ஊர்க்காரி. இளமையில் பாட்டுப் படிப்பிக்க ஜப்பானுக்குப் போய், அங்கேயே கல்யாணம் முடித்து, கணவர் ஓய்வு பெற்றதும் தன் தாய் விட்டுப்போன வீட்டுக்கு அவரையும் கூட்டிக்கொண்டு திரும்பியவர். சிஞ்ஞோரா, அதாவது வீட்டுக்கார அம்மா, காலையில் தேவாலயப் பூசைக்கும் சந்தைக்கும் போய்விடுவார். நான் குடியிருந்த ஒரேத்தோ பகுதியிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து சேரும்போது வீட்டில் கிழவர் மட்டும் தன் பெட்டிகளோடு இருப்பார்.

அந்தப் பெட்டிகளால்தான் எங்களுக்குள் முதல் சண்டை வந்தது. மூன்று பெரிய அட்டைப்பெட்டிகள். தூசி தட்டப் போனால் கையை நீட்டி மறிப்பார். ஒருநாள் எனக்குக் கோபம் வந்து, "தட்டாவிட்டால் சிஞ்ஞோரா என்னைத்தானே ஏசுவார்" என்று கத்திவிட்டேன். அவர் பெட்டியைத் திறந்து காட்டினார். உள்ளே பழைய தபாலட்டைகள், கட்டுக்கட்டாக.

அவருடைய இத்தாலியமும் என்னுடைய இத்தாலியமும் ஒரே அளவுக்கு மோசம். அதனால் நன்றாகவே விளங்கிக்கொண்டோம். அவர் ஒரு ஒலிபரப்புக் கம்பனியில் வேலை செய்தவர். உலகப்போர் முடிந்து சில வருடங்களில் ஒரு கடைக்கு மேல்மாடியில் தொடங்கின வானொலி அது. தெருச்சத்தம் உள்ளே வராமல் இருக்கச் சுவரில் பஞ்சுமெத்தைகளை ஆணி அடித்து வைத்திருந்தார்களாம். பிறகு கோபுரம் கட்டித் தொலைக்காட்சியும் தொடங்கினார்கள். இப்போது கம்பனி தன்னுடைய வரலாற்றைப் புத்தகமாகப் போடுகிறது. ஆரம்ப வருடங்களை எழுதித் தரும்படி இவரைக் கேட்டிருந்தார்கள். எழுதுவதற்குப் பழைய நிகழ்ச்சி ஒன்றும் கையில் இல்லை. ஏனென்றால் எல்லாவற்றையும் அழித்தது இவர்தான்.

அப்போது ஒலிப்பதிவு நாடா பொன்விலை. ஒரு நிகழ்ச்சி போய் முடிந்ததும் அதே ரீலை அழித்து அடுத்த நிகழ்ச்சிக்குக் கொடுக்க வேண்டும். பதினொரு வருடம் இவர் செய்த வேலை அது. பெயர் ஒட்டின தாளை உரிப்பார், அழிப்பார், புதுத் தாள் ஒட்டுவார். மிஞ்சியிருப்பது கேட்டவர்கள் எழுதின தபாலட்டைகள் மட்டும். பாட்டி வேடக்காரர் நேற்று இரண்டு தரம் இருமினார், மருந்து குடிக்கச் சொல்லுங்கள் என்று யாரோ எழுதியிருப்பார். இவர் உடனே தன் கொப்பியில் எழுதுவார்: நாடகம், பாட்டி பாத்திரம், இருமல் இரண்டு. பதிலை வைத்து நிகழ்ச்சியைக் கண்டுபிடிக்கும் வேலை. எனக்கு அது விசர்வேலையாகப் பட்டது.

ஒருநாள், நான் கேட்காமலே ஒரு கதை சொன்னார். குழந்தைகளுக்குக் கதை வாசிக்கும் ஒரு பெண் நிலையத்தில் இருந்தார். இளவயதிலேயே செத்துப்போனார். ஒரு மாதம் கழித்து அவருடைய கணவர் வந்து, அவள் குரல் ஒரு நிமிடம் கிடைத்தால் போதும் என்று கேட்டாராம். அவர் கதை வாசித்த ரீலில் அப்போது ஒரு பேஸ்போல் ஆட்டம் இருந்தது. அதையாவது போடுங்கள், அடியில் ஏதாவது மிச்சமிருக்கும் என்றாராம் அந்த மனிதர். காதில் ஹெட்ஃபோனைப் போட்டுக்கொண்டு முழு ஆட்டத்தையும் கேட்டுவிட்டு, நன்றி சொல்லிப் போனாராம்.

நான் துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டுக் குசினிக்குள் போய் நின்று அழுதேன். அந்த மனிதர் வேறு யாருமில்லை, நான்தான்.

என் தம்பி, போர் நடந்துகொண்டிருந்த எங்கள் ஊரில் இருந்தான். அந்த நாட்களில் அங்கே தொலைபேசி இல்லை, தபால் நம்ப முடியாது. கசெற்றில் பேசி ஆள் கையில் கொடுத்து அனுப்புவோம். அங்கே வெறும் கசெற் கிடைக்காது. அதனால் வந்த கசெற்றைக் கேட்டுவிட்டு, அதன் மேலேயே பதிலைப் பேசித் திருப்பி அனுப்புவது எங்களுடைய வழக்கம். அவனுடைய குரலுக்கு மேல் என் குரல், என் குரலுக்கு மேல் அவனுடைய குரல். எத்தனையோ வீடுகளில் அப்படித்தான் செய்தார்கள். ஆனால் பலெர்மோவில் வெறும் கசெற் சந்தையில் குவிந்து கிடந்தது. ஒன்று வாங்கிப் பேசியிருக்கலாம். எனக்கு அது தோன்றவேயில்லை. பழக்கம் என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை.

கடைசியாக அவன் அனுப்பின கசெற்றின் மேல் நான் பதில் பேசினேன். பதில் என்ன, ஏச்சு. எங்கள் தேவாலயப் பங்கைச் சேர்ந்த ஒருவர் அதைக் கொண்டுபோனார். எட்டு மாதத்துக்குப் பிறகு அதே உறையில் அது என்னிடம் திரும்பி வந்தது. நீரேரியை வள்ளத்தில் கடக்கப் போன தம்பி மறுகரையில் இறங்கவில்லை என்றார்கள். ஆளும் இல்லை, உடலும் இல்லை. நவம்பர் வந்தால் இந்த ஊரில் செத்தவர்கள் பிள்ளைகளுக்கு இனிப்புக் கொண்டுவருவார்கள் என்று கடை முழுக்கச் சீனிப் பொம்மை வைப்பார்கள். எனக்கு அதைப் பார்க்கப் பற்றிக்கொண்டு வரும். அவனுக்கு மெழுகுதிரி கொளுத்துவதா, வேண்டாமா என்றே எனக்குத் தெரியவில்லை.

கசெற்றை வோக்மனில் போட்டு பஸ்ஸில் கேட்பேன். என் ஏச்சுக்கு நடுவில், நான் மூச்சு வாங்கும் இடங்களில், 'ம்' என்று ஒரு சத்தம் வரும். தம்பி அப்படித்தான் 'ம்' கொட்டுவான். சில நாள் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டியும் போயிருக்கிறேன்.

கிழவர் அந்தக் கதையைச் சொன்னதற்கு அடுத்த நாள் கசெற்றைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்து விஷயத்தைச் சொன்னேன். "நீங்கள் அழித்தவர். அழிந்ததற்கு அடியில் என்ன இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும்" என்றேன். அவர் தன்னுடைய கசெற் கருவியை எடுத்து வைத்து, பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தார். சின்னத் திருகு ஒன்றைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினார். ஹெட்ஃபோனைப் போட்டுக்கொண்டு கண்ணை மூடினார். இரண்டு தரம் முழுதாகக் கேட்டார். அன்றைக்கு நான் ஒரு கோப்பைகூடக் கழுவவில்லை.

"இல்லை" என்றார்.

"ம் என்று ஒரு சத்தம் வருதே?"

"அது உங்கள் கட்டடத்து லிஃப்ட்."

எனக்கு அவரை அடிக்க வேண்டும் போல இருந்தது. பொய் சொன்னால் என்ன குறைந்துவிடும்? "உங்கள் தம்பியின் குரல் போகட்டும். அவர் என்ன சொன்னார் என்று சொல்லுங்கள், எழுதித் தருகிறேன்" என்றார். ஒன்றும் நினைவில் இல்லை. அவன் பேசினதை ஒரேயொரு தரம்தான் கேட்டது, அதுவும் துணி மடித்துக்கொண்டு கேட்டது. என் ஏச்சு முழுவதும் மனப்பாடம், அவன் சொன்னதில் ஒரு வசனம் இல்லை. அந்த நிமிடம் போல் நான் என்னை வெறுத்தது கிடையாது.

மேசையில் தபாலட்டைகள் பரவிக் கிடந்தன. பார்த்துக்கொண்டே நின்றேன். பிறகு, "சிஞ்ஞோரே, என்னுடைய ஏச்சும் தபாலட்டைதானே?" என்றேன். கிழவர் எழும்பிப் போய்ப் புதுக் கொப்பி ஒன்று எடுத்துவந்தார்.

கசெற்றைப் போட்டோம். என் ஏச்சைக் கொஞ்சம் ஓட விடுவேன், நிறுத்தி இத்தாலியத்தில் சொல்லுவேன், அவர் எழுதுவார்.

"உன்ரை குரல் ஒருக்கால் எலி மாதிரிக் கீச்சிடுது, ஒருக்கால் எருமை மாதிரி இழுபடுது. சைக்கிள் சுத்திற ஆளை ஒரே சீராச் சுத்தச் சொல்லு."

கரண்ட் இல்லாத ஊரில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் ரெக்கோடர் ஓட்டுவார்கள் என்று விளங்கப்படுத்தினேன். கிழவர் அதையும் எழுதினார்: கவிழ்த்த சைக்கிள்.

"இஞ்சை பனி கொட்டுமோ எண்டு கேக்கிறாய். பனியும் இல்லை, ஒண்டும் இல்லை. வெயில்தான்."

பனி கொட்டுமா என்று தம்பி கேட்டான், என்று எழுதினார்.

"இருமிறாய். மருந்து எடு எண்டு எத்தினை தரம் சொன்னனான்? ஓம் ஓம் எண்டு சும்மா சொல்லாதை."

இருமல், என்று எழுதினார்.

"இஞ்சை வா, இஞ்சை வா எண்டு தொண்டை கிழியக் கத்திறன். ரெண்டு பேருக்கு வழி இருக்கோ எண்டு கேக்கிறாய். ஒரு ஆளைக் கூப்பிடவே நான் படுகிற பாடு எனக்குத்தான் தெரியும். ஆர் அந்த ரெண்டாவது ஆள்? பின்னாலை ஒரு பொம்பிளை சிரிக்கிற சத்தம் கேக்குது. சைக்கிள் சுத்திறது அவளோ? வெக்கம் இல்லையோ உனக்கு?"

கசெற்றை நிறுத்தி இதையும் சொன்னேன். அது திரும்பி வந்த நாளிலிருந்து எத்தனை தரம் இதைக் கேட்டிருக்கிறேன். என் கோபம்தான் காதில் விழுந்ததே தவிர, இதற்குள் ஒருத்தி இருக்கிறாள் என்று யோசிக்கவில்லை. அரை மணித்தியாலம் கை நோகப் பெடலைச் சுற்றிக்கொண்டு, நடுவில் சிரித்தும் இருக்கிறாள். அவளும் அந்த வள்ளத்தில் ஏறினாளா? பிறகு ஊராரிடம் எவ்வளவோ விசாரித்தேன். அப்படி ஒருத்தியை ஒருவருக்கும் தெரியாது.

கிழவர் இரண்டு பேர் என்று எழுதி, அடியில் கோடு போட்டார். கடைசிப் பகுதி ஓடியது.

"முடிக்கேக்கை 'அக்கா, ஒரு விஷயம்' எண்டிட்டுப் பேசாமல் நிண்டனி. சைக்கிள் மட்டும் சுத்திக்கொண்டு கிடந்தது. சொல்ல ஏலாட்டி விடு, அடுத்த கசெற்றிலை சொல்லு. எனக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு, நான் போறன்."

எல்லாவற்றையும் மொழிபெயர்த்துச் சொன்னேன். அவர் எழுதி முடித்துவிட்டு, "பஸ் கிடைத்ததா?" என்று கேட்டார்.

கிடைத்தது என்றேன். உண்மையில், கசெற்றில் பேசின அன்றைக்கு அந்த பஸ் முக்கால் மணித்தியாலம் பிந்தித்தான் வந்தது. நிறுத்தத்தில் சும்மா நின்றுகொண்டிருந்தேன்.