பெரியப்பாவின் கண்ணீர்க் காட்சி

டிஜிட்டல் திரைப்படக் கலையில் முதுகலை படிக்கப் போகிறேன் என்று நான் சொன்னபோது, விளாங்குடியில் எங்கள் தெரு முழுவதும் அதைக் கம்ப்யூட்டர் படிப்பு என்றே எடுத்துக்கொண்டது. 'டிஜிட்டல்' என்ற சொல்லுக்கு அப்போது அப்படியொரு மரியாதை. அம்மா யாரையும் திருத்தவில்லை. பின்னால் வரும் திரைப்படத்தை மட்டும் விழுங்கிவிட்டு, "மக டிஜிட்டல் படிக்கிறா" என்று பெருமையாகச் சொல்லிவந்தார்.

கல்லூரி ஒத்தக்கடை தாண்டி மேலூர் சாலையில் இருந்தது. துறைத்தலைவர் அதற்கு முந்தைய ஆண்டுவரை இயற்பியல் ஆசிரியர். லென்ஸ் பாடம் நடத்தியவர் என்பதால் அவரைத் திரைப்படத் துறைக்கு மாற்றியிருந்தார்கள். துறைக்கென்று ஒரே ஒரு கேமரா. அது அவர் அறையில் இரும்பு பீரோவுக்குள் இருந்தது. முதலாம் ஆண்டு முழுவதும் கேமராவைக் கரும்பலகையில்தான் பார்த்தோம். படம் வரைந்து பாகங்களைக் குறிக்கச் சொல்லித் தேர்வில் கேட்டார்கள். நான்தான் வகுப்பில் முதல் மதிப்பெண். ஒருநாள் துணிந்து, "சார், ஒருதடவ கையில எடுத்துப் பாத்துக்கிறோமே" என்று கேட்டேன்.

"ஏம்மா, டாக்டருக்குப் படிக்கிறவுங்க மொத வருசமே ஆளக் கிழிக்கிறாங்களா?" என்றார்.

கிழிக்கிறார்கள் என்பது பிறகுதான் எனக்கு நினைவுக்கு வந்தது.

இறுதியாண்டில் ஒரு குறும்படம் எடுத்தாக வேண்டும் என்பதால் பீரோ திறந்தது. எங்கள் குழுவின் இயக்குநர், மகால் பக்கத்தில் ஜவுளிக்கடை வைத்திருந்த ஒரு சௌராஷ்டிரக் குடும்பத்துப் பிள்ளை. அவன் வீட்டில் யாரும் ஒருவேளை சாப்பிடாமல் இருந்ததில்லை. ஆனால் வறுமையைப் பற்றி அவனுக்குத் தெரியாத கோணமே கிடையாது. மழை பொய்த்து, நிலம் வெடித்து, ஒரு விவசாயி வானத்தைப் பார்த்து அழுகிறான். இதுதான் கதை. வசனமே இல்லை. "வசனம் இருந்தா அது நாடகம்" என்பான்.

விவசாயிக்கு எங்கே போவது? சோழவந்தான் பக்கம் என் பெரியப்பா விவசாயம் பார்த்தார். அவரைக் கேட்டதும், "நான் நடிக்கவா? வாங்கத்தா, வாங்க!" என்று மகிழ்ந்துபோனார்.

படப்பிடிப்பு அன்று போய் இறங்கினால், பெரியப்பா தலைக்குச் சாயம் அடித்து, மீசையைச் செதுக்கி, வெள்ளை வேட்டி வெள்ளைச் சட்டையில், கழுத்துச் சங்கிலி வெளியே தெரிய நின்றிருந்தார். பின்னால் கண்ணுக்கெட்டிய தூரம்வரை பச்சைப் பசேலென்று நெல். வாய்க்காலில் தண்ணீர் கரைபுரண்டு ஓடியது. அந்த ஆண்டு நல்ல மழை. இயக்குநர் வாய்க்காலைப் பார்த்துத் தன் வீட்டு மொழியில் ஏதோ சொன்னான். எனக்குப் புரியவில்லை, ஆனால் நல்ல வார்த்தையாக இருக்காது என்று தெரிந்தது.

"பெரியப்பா, நீங்க நொடிஞ்சுபோன விவசாயி. கொஞ்சம் சோகமா இருக்கணும்" என்றேன்.

"எனக்கு என்னத்தா கொறை? வேணும்னா ஒரு சண்டை வையி. நாலு பேர அடிக்கிறேன்."

கடைசியில் ஊருக்கு வெளியே தரிசாகக் கிடந்த ஒரு மேட்டு நிலத்தைக் கண்டுபிடித்தோம். அதன் சொந்தக்காரர் ஓடிவந்து, "எதுக்கு என் காட்ட எடுக்குறீங்க? அவரு காட்ட எடுங்க, நல்லாருக்கும்ல!" என்று மல்லுக்கு நின்றார். அவரைச் சமாதானம் செய்து, பெரியப்பாவுக்குக் கிழிந்த பனியனை மாட்டி, கண்ணோரம் வெங்காயத்தைத் தேய்த்து, அழுகையைப் படமாக்கிவிட்டோம். இயக்குநர் சிலிர்த்துப்போனான். அந்த ஒரு டேப்பை மட்டும் கேமராவைவிட்டு எடுக்காமலே கொண்டுவந்து பீரோவில் வைத்தான்.

அடுத்த வாரம் பெரியப்பா கல்லூரி வாசலில் வந்து நின்றார். முகத்தில் பழைய உற்சாகம் இல்லை.

"தாயி, அந்த அழுகுற சீன வெட்டிரு. எம் மகளுக்கு, அதான் ஒன் அக்காவுக்கு, ஒரு நல்ல எடம் வந்துருக்கு. அவுங்க கண்ணுல இது பட்டா, என்னைய ஒண்ணுமில்லாதவன்னு நெனச்சுருவாங்க."

"இது கல்லூரிக்குள்ள போடுறதுதான், பெரியப்பா."

"மாப்ள இந்தக் காலேசுலதான் கணக்கு வாத்தியாரா இருக்காராம்."

இயக்குநரிடம் கெஞ்சினேன். அது கலைக்குச் செய்யும் துரோகம் என்றான். இரண்டு நாள் அவனோடு பேசவில்லை. படம் எடுக்கப் போய் அக்காவின் கல்யாணத்தைக் கெடுத்தோம் என்றாகிவிடுமோ என்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

அதற்குள் கல்லூரி ஆண்டு விழா வந்தது. துறைத்தலைவர் கேமராவைத் தானே எடுத்துப்போய், தாளாளர் குத்துவிளக்கு ஏற்றியதிலிருந்து நன்றியுரை முடியும்வரை ஒரே மூச்சில் பதிவு செய்தார். உள்ளே ஏற்கெனவே ஒரு டேப் இருப்பதைப் பார்த்து, "பசங்க பொறுப்பா போட்டு வச்சிருக்காங்க" என்று பாராட்டவும் செய்தாராம். டேப்பைப் போட்டுப் பார்த்தபோது, வானத்தை நோக்கி அழ வேண்டிய பெரியப்பாவின் இடத்தில் தாளாளர் பொன்னாடை வாங்கிக்கொண்டிருந்தார். இயக்குநர் தேம்பித் தேம்பி அழுதான். வெங்காயம் தேவைப்படவில்லை. நானும் கூடவே துக்கமாக உட்கார்ந்திருந்தேன். உள்ளுக்குள் அம்புட்டு நிம்மதி.

மிஞ்சியது இன்னொரு டேப். ஒத்திகையும் இடைவேளையும் எடுத்தது. பெரியப்பா வரப்பில் ராஜநடை நடக்கிறார், மோட்டாரைப் போட்டுக் காட்டுகிறார், கேமராவைப் பார்த்து மீசையை முறுக்குகிறார், எங்களுக்கு இளநீர் வெட்டித் தருகிறார். வேறு வழியில்லாமல் அதையே கோர்த்தோம். இயக்குநர் தயாராக வைத்திருந்த சோகமான புல்லாங்குழலை மட்டும் விட மனமின்றிப் பின்னணியில் சேர்த்தான்.

திரையிடல் அன்று மதிப்பெண் போடச் சென்னையிலிருந்து ஒரு தேர்வாளர் வந்திருந்தார். பெண்ணின் அப்பா நடித்த படம் என்று கேள்விப்பட்டு மாப்பிள்ளையும் அவர் அப்பாவும் மூன்றாவது வரிசையில் இருந்தார்கள். பெரியப்பா அவர்களுக்குப் பின்னால் மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தார். படம் முடிந்ததும் தேர்வாளர் நெடுநேரம் கண்ணை மூடியிருந்தார்.

"வறுமையைக் காட்டாமலே வறுமையைக் காட்டியிருக்கிறீர்கள்" என்றார். "அந்த விவசாயியின் சிரிப்பு இருக்கிறதே, அது சிரிப்பே அல்ல."

இயக்குநர் தலையைத் தாழ்த்தி அடக்கமாக அதை ஏற்றுக்கொண்டான்.

மூன்றாவது வரிசையில் பேச்சு வேறு மாதிரிப் போனது. மாப்பிள்ளையின் அப்பா திரும்பி, "தோட்டம் செழிப்பாத்தான் வச்சிருக்கீக. மோட்டாரு எத்தன எச்.பி.?" என்று கேட்டார்.

"ஏழரைங்க. போரு தனியா இருக்கு."

அடுத்த முகூர்த்தத்தில் நிச்சயம் முடிந்தது. எங்களுக்கும் நல்ல மதிப்பெண் கிடைத்தது. இயக்குநர் சென்னைக்குப் போய் ஒரு வருடம் அலைந்துவிட்டு, ஜவுளிக்கடைக்குத் திரும்பினான். எனக்கு உள்ளூரிலேயே, கே.கே. நகரில் ஒரு கேபிள் சேனலில் வேலை கிடைத்தது. பிறந்தநாள் வாழ்த்துக்காக அனுப்பப்படும் குழந்தைகளின் போட்டோவைச் சுற்றிப் பூப்போட்ட சட்டம் ஒட்டுவதுதான் என் பொறுப்பு. முதுகலை படித்தவள் என்பதால் பூவின் நிறத்தை மட்டும் நானே தேர்ந்தெடுத்துக்கொள்ள அனுமதித்தார்கள்.