பிரிக்கப் போறாங்களாம்

"வேர்பெடுத்தாம்" என்றார் மருத்துவர்; கருவியைப் பிரித்துவிடலாம் என்று பொருள். எர்ணாகுளத்து மருத்துவமனையில், தீவிர சிகிச்சைப் பிரிவின் கண்ணாடிக் கதவருகே என்னை மட்டும் தனியே அழைத்து மலையாளத்தில் விளக்கினார். அண்ணனுக்கு இனி நினைவு திரும்பாது. சுவாசக் கருவியால்தான் மார்பு ஏறி இறங்குகிறது. எடுத்துவிட்டால் சில நிமிடங்கள்தான். "அவருடைய மனைவிக்கு நீங்களே புரியும்படி சொல்லிவிடுங்கள்" என்று போய்விட்டார். வக்கீல் அலுவலகத்தில் மலையாளப் பத்திரங்களைத் தமிழாக்குவது என் தொழில். ஒரு சொல் பிசகினால் ஒரு வீடே கைமாறிவிடும் என்று பயந்து பயந்து எழுதுகிறவன் நான்.

அண்ணி உத்தமபாளையத்திலிருந்து மட்டாஞ்சேரிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர். மீன் வாங்கும் அளவுக்குத்தான் மலையாளம் தெரியும். "டாக்டரு என்ன தம்பி சொல்றாரு?" என்றார். எடுக்கப் போகிறார்கள் என்று சொல்ல வாய் வரவில்லை.

"மெஷினைப் பிரிக்கப் போறாங்களாம் அண்ணி."

போன வருடம் அண்ணனுக்குக் கால் முறிந்தபோது, மாவுக்கட்டுப் பிரிக்கும் நாளை அண்ணி விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். பிரித்த கொஞ்ச நாளிலேயே அண்ணன் சுள்ளிக்கல் கடைத்தெரு வரை நடந்துபோய்ச் சாயா குடித்துவிட்டு வந்தார். அதன்பிறகு எங்கள் வீட்டில் அந்தச் சொல்லுக்குக் குணமாகிவிட்டது என்றே பொருள். அது எனக்குத் தெரியும்.

"அல்ஹம்துலில்லாஹ்! அப்ப தானா மூச்சு விடுறாரா?" அண்ணியின் முகம் பல நாட்களுக்குப் பிறகு மலர்ந்தது. நான் தலையாட்டினேன். அதற்கு ஒரு கையெழுத்து வேண்டும் என்றேன். "கையெழுத்த நீங்களே போட்டுருங்க தம்பி. கஞ்சி வச்சு எடுத்துட்டு ஓடியாந்துடறேன்" என்று பஸ் பிடிக்கப் போனார். கூப்பிட்டு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

நண்பகலில் குழாயை எடுத்தார்கள். அண்ணனின் கையைப் பிடித்திருந்தேன். தொழுகை அழைப்பு முடிவதற்குள் முடிந்துவிட்டது. தூக்குச்சட்டியோடு வந்த அண்ணி கேட்டது ஒன்றுதான்: "பிரிக்கிறாங்கன்னுதானே சொன்னீங்க?"

கணவனை இழந்தவர் இருக்கவேண்டிய நான்கு மாதம் பத்து நாள் இத்தா இருந்து முடித்து அண்ணி ஊருக்குப் போய்விட்டார். போன வாரம்தான் முதன்முறையாகத் தொலைபேசியில் அழைத்தார். "கடைசில என்னையத் தேடுனாரா தம்பி?"

இனி ஒரு சொல்லையும் அவரிடம் மறைப்பதில்லை என்று முடிவு செய்திருந்தேன். "இல்ல அண்ணி. நினைவே வரல" என்றேன்.

அண்ணி மெல்லச் சொன்னார்: "இதையாச்சும் மாத்திச் சொல்லியிருக்கலாமே தம்பி."