பித்தளைத் தகட்டில் இருந்த பெயர்

அந்தமானில், ஹேவ்லாக் தீவில் நான் வேலை பார்க்கும் ரிசார்ட்டின் வரவேற்பறையில் எங்கள் மேனேஜர் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. சுவரில் புதிதாக ஒரு படம். ஓரியன் நெபுலா, சிவப்பும் நீலமுமாக இறக்கை விரித்த மேகம். கீழே பித்தளைத் தகட்டில் அவர் பெயர். நான் வாய் திறந்து எதையும் கேட்கிற ஆள் இல்லை. மூன்று நாள் மனதுக்குள் சொல்லிப் பார்த்துவிட்டு, “சாப், என் பேரையும் சின்னதா போடலாமா?” என்றேன். “அரே, டெலஸ்கோப் என்னோடது, கேமரா என்னோடது. உன் பேரைப் போட்டா ஜெனரேட்டருக்கு டீசல் ஊத்துறவன் பேரையும் போடணுமேப்பா” என்றார். டீசல் ஊற்றுகிறவனும் நான்தான். சமையற்கட்டு ஆட்கள் வரைக்கும் சிரித்தார்கள்.

அவர் டெல்லியில் வளர்ந்த தமிழர். அந்தச் சின்ன டெலஸ்கோப்பை அங்கிருந்துதான் கொண்டுவந்தார். இங்கே அவர் எடுத்த படங்களில் நட்சத்திரமெல்லாம் கோடு கோடாக இழுத்துக்கொண்டிருக்கும். கடல்காற்று என்று திட்டுவார். நட்சத்திரம் நகர நகர டெலஸ்கோப்பையும் கூடவே திருப்ப மோட்டார் வைத்த ஒரு தாங்கி உண்டு. அதன் அச்சு துருவ நட்சத்திரத்தைப் பார்க்க வேண்டும். டெல்லியில் அது உயரத்தில் நிற்கும். எங்கள் தீவில் கடலுக்கு மேல், கையை நீட்டி முஷ்டி பிடித்தால் ஒரு முஷ்டிக்குக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த குடும்பம் எங்களுடையது. நான் நாலாவது வரை படித்தவன். ஆனாலும் படகில் போய்வருகிறவனுக்கு வடக்கு தெரியும். தாங்கியில் அச்சின் சாய்வைக் காட்டும் முள் 28 டிகிரியில் நின்றது, அவர் ஊர்க் கணக்கு. திருகைத் தளர்த்திப் 12-க்கு இறக்கினேன்.

இங்கே ஆறு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். அவர் விருந்தாளிகளோடு பாரில் இருப்பார். நான் மூன்று வாரம் தினமும் கடற்கரையில், கண்ணாடியில் படியும் ஈரத்தை ஹேர் டிரையரால் காயவைத்துக்கொண்டு, இருபது இருபது விநாடியாக நூற்றுக்கணக்கில் எடுத்தேன். அவற்றைக் கம்ப்யூட்டரில் அடுக்கி ஒரே படமாக்கியது அவர். அதை நான் மறுக்கவில்லை. நட்சத்திரமெல்லாம் எப்படித் திடீரென்று புள்ளியாயின என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

படம் மாட்டிய மாதமே முதலாளி விருந்தாளிகளோடு வந்தார். மேனேஜர் கடற்கரையில் பெரிய திரை வைத்து, அவர்கள் கண்ணெதிரே நெபுலாவைப் படம் பிடித்துக் காட்டுவதாக ஏற்பாடு. முதலாளிக்குப் பிடித்தால் புது ரிசார்ட்டும் மேனேஜர் பொறுப்பில் வரும். டெலஸ்கோப்பைப் பொருத்தும்போது முள்ளை மறுபடி 28-க்கு ஏற்றி இறுக்கினேன்.

திரையில் படம் விழுந்ததும் முதலாளி கேட்டார்: “என்னய்யா இது, சேமியா மாதிரி இருக்கு? சுவத்துல அவ்வளவு சுத்தமா இருந்துச்சே?”

“ஹவா சாப், கடல்காத்து” என்றார் மேனேஜர். ஒரு தென்னங்கீற்றும் அசையவில்லை. அந்த முள்ளின் பக்கம் போகாமல் மற்ற திருகையெல்லாம் திருகிப் பார்த்துவிட்டு என் பக்கத்தில் வந்து, “நீ எடுக்கறப்போ என்னப்பா பண்ணுவே? ஜல்தி சரி பண்ணு” என்றார், மெதுவாக.

“பண்றேன் சாப். அந்தப் படத்தை எடுத்தது யாருன்னு முதலாளிகிட்ட சொல்லுங்க.”

அவர் திரும்பி, மெஷின் கெட்டுப்போய்விட்டது என்று விருந்தாளிகளிடம் சொன்னார். என் பெயரைச் சொல்வதைவிட அது அவருக்குச் சுலபமாக இருந்தது.

காலையில் முதலாளி, அது மேனேஜர் எடுத்த படமாக இருக்காது என்று அந்தத் தகட்டைக் கழற்றச் சொன்னார். வேறு யாரையும் விடவில்லை, ஸ்க்ரூ டிரைவரோடு நானே போனேன். மேனேஜர் கவுன்டருக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவசரப்படாமல் கழற்றினேன்.

இரண்டு மாதத்தில் அவர் மெயின்லேண்டுக்கு, டெல்லிக்கே போய்விட்டார். டெலஸ்கோப்பும் போனது. கப்பல் கிளம்பிய பிறகுதான் உறைத்தது, முள் 28-இல் அல்லவா நிற்கிறது, டெல்லியில் அது சரியாக வேலை செய்யுமே என்று. அந்த ஒன்றில்தான் இன்றுவரை எனக்கு வருத்தம்.

படம் அங்கேயே தொங்குகிறது. யார் எடுத்தது என்று விருந்தாளிகள் கேட்டால் ரிசப்ஷன் பெண் தெரியாது என்கிறாள். பல்பு மாற்றிக்கொண்டு நான் பக்கத்திலேயே நிற்பேன், சொல்லமாட்டேன். தகடு இருந்த இடத்தில் இரண்டு திருகு ஓட்டைகள். பூசி அடைக்கச் சொல்லி இப்போதைய மேனேஜர் பல தடவை சொல்லிவிட்டார். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே வருகிறேன்.