தண்ணீர் குடிப்பதற்கு முன் கேட்ட கேள்வி

மல்லூர் நெருங்கியதும் அந்தப் புளிப்பு வாசம் முகத்தில் வந்து மோதியது. மரவள்ளிக் கிழங்கை அரைத்து மாவு பிரிக்கும் ஜவ்வரிசி ஆலைகளின் வாசம். தை மாதத்தில் சேலம், நாமக்கல் சமவெளி இதைத்தான் மூச்சாக விடுகிறது. ஏழு வயதில் என் தங்கை ஸ்டெல்லா இதே சாலையில், இதே வாசம் தாங்காமல், பேருந்தில் என் மேல் வாந்தி எடுத்தாள். கிறிஸ்துமஸுக்கு எடுத்த புதுச் சட்டை அது. இன்று என் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து அந்தக் காற்றை ஆழமாக இழுத்தாள்.

"ஆலை ஓடுதுண்ணா. கிழங்கு புடுங்கற நேரம். வெயில் ஏறுறதுக்குள்ள போனாத்தான் வீட்டுல ஆள் சிக்கும்" என்றாள்.

காலை ஏழு மணிக்குச் சேலம் நாலு ரோட்டிலிருந்து கிளம்பியிருந்தோம். கொண்டலாம்பட்டியில் இருநூறு ரூபாய்க்குப் பெட்ரோல். ராசிபுரம், பேளுக்குறிச்சி, காளப்பநாயக்கன்பட்டி வழியாகச் சேந்தமங்கலம். ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர். அதற்கு மேற்கே ஒரு சிற்றூர்தான் எங்கள் இலக்கு. அந்த ஊரின் பெயரை எழுத மாட்டேன் என்று தங்கைக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

ஸ்டெல்லா கருத்துக்கணிப்பு எடுப்பவள். பல வருடம் சோப்பையும் ஷாம்பூவையும் பற்றி வீடு வீடாகக் கேட்டவள், இப்போது தலைவர்களைப் பற்றிக் கேட்கிறாள். நாட்டை ஆளும் பக்கத்தில் ஒருவர், எதிர்ப்பக்கத்தில் ஒருவர். இருவர் படத்தையும் டேப்லெட்டில் காட்டி, ஒவ்வொருவரின் செயல்பாடும் எப்படி என்று கேட்க வேண்டும். மிக நல்லது, நல்லது, சுமார், மோசம், மிக மோசம். இவ்வளவுதான் வேலை என்று நானும் நினைத்திருந்தேன், அன்று விடியற்காலை அவள் போன் ஒலிக்கும் வரை.

கூப்பிட்டவர் சென்னையிலிருக்கும் மேற்பார்வையாளர். முந்தின நாள் அந்தச் சிற்றூரில் ஸ்டெல்லா பேட்டி எடுத்த பன்னிரண்டு வீட்டிலும் ஒரே பதில். ஆளுகிறவரும் நல்லவர், எதிர்க்கிறவரும் நல்லவர். சந்தேகம் என்று கணினி சிவப்புக் கொடி காட்டிவிட்டது. மரத்தடியில் உட்கார்ந்து நீங்களே நிரப்பிவிட்டீர்களா என்று அவர் நேராகக் கேட்கவில்லை, கேட்காமலே கேட்டார். சரிப்படுத்தாவிட்டால் அந்த ஊரைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுவார்கள். ஸ்டெல்லாவின் பெயரையும் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்கள். பிறகு அவரே இரக்கப்பட்டு ஒரு வழி சொன்னார்: நாலைந்து வீட்டில் நீங்களே லேசாக மாற்றிவிடுங்கள் மேடம், கொடி போய்விடும்.

"மாத்த மாட்டேன் சார். மறுபடி போறேன்" என்றாள் ஸ்டெல்லா.

அவர் சம்மதித்தார், ஒரு நிபந்தனையோடு: சாட்சியாக இன்னொரு ஆள் கூட இருக்க வேண்டும், மாலைக்குள் முடிக்க வேண்டும். அந்த ஆள் நான். ஒரே இடத்தில் உட்காரத் தெரியாதவன், வாய் மூடத் தெரியாதவன் என்று எங்கள் தேவாலயப் பங்கில் பெயர் வாங்கியவன். கிளம்பும்போதே அவள் சொல்லிவிட்டாள், இன்றைக்கு உனக்கு வாய் கிடையாதுண்ணா என்று.

பேளுக்குறிச்சி தாண்டியதும் இடப்பக்கம் கொல்லிமலை கூடவே வரத் தொடங்கியது. நீலமா பச்சையா என்று தீர்மானிக்க முடியாத ஒரு நிறத்தில், முகில் ஒன்றைத் தோளில் துண்டு போல் போட்டுக்கொண்டு. சாலையோரக் களங்களில் ஜவ்வரிசியைக் காயப் போட்டிருந்தார்கள். வானத்திலிருந்து ஒரு வெள்ளைத் துணி விழுந்து, எடுப்பாரில்லாமல் கிடப்பது போலிருந்தது. வண்டியை நிறுத்திப் பார்க்க மனம் தவித்தது. பின்னாலிருந்து முதுகில் ஒரு குத்து விழுந்தது.

ஊருக்குள் நுழைந்தபோது ஒன்பது மணிக்குப் பக்கம். முதல் வீடு கந்தசாமியுடையது. ஐம்பத்தைந்து வயது, நான்கு ஏக்கர் மரவள்ளி, சட்டை போடாத அகன்ற மார்பு. எங்களைக் கண்டதும் பிளாஸ்டிக் நாற்காலிகள் வந்தன. சொம்பில் தண்ணீர் வந்தது. நுரை தள்ளும் காப்பி வந்தது. மலையிலிருந்து வந்த வாழைப்பழம் வந்தது. நேற்று வந்த அம்மிணி அண்ணனையும் கூட்டி வந்ததில் அவருக்கு அப்படி ஒரு மகிழ்ச்சி. எல்லாம் தின்று குடித்து முடித்த பிறகு ஸ்டெல்லா படங்களைக் காட்டிக் கேட்டாள். கந்தசாமி ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. இவரும் நல்லவருங்க, அவரும் நல்லவருங்க.

அடுத்த வீட்டிலும் நாற்காலி, தண்ணீர், காப்பி. அடுத்த வீட்டிலும் இருவரும் நல்லவர்கள். தெருவுக்கு வந்ததும் ஸ்டெல்லா டேப்லெட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். சென்னையில் இதைக் கேட்பவன் நம்ப மாட்டான். பக்கத்தில் நின்று கேட்ட எனக்கே நம்பிக்கை ஆடியது.

டீ குடிக்கலாம் வா என்றேன். ஊர் முக்கில் ஒரு டீக்கடை, டீ பன்னிரண்டு ரூபாய். கடை முன்னாலிருந்த மரத்துக்கு அந்தப் பக்கம் பெஞ்சில் உட்கார்ந்தோம். சற்றைக்கெல்லாம் கந்தசாமி மொபெட்டில் வந்து இறங்கினார். மரம் மறைத்ததால் எங்களைப் பார்க்கவில்லை. கடைக்காரரிடம் ஏதோ விலைவாசிப் பேச்சில் தொடங்கியது, இரண்டு தலைவர்களில் ஒருவர் மேல் போய் விழுந்தது. யார் மேல் என்று நான் சொல்லப்போவதில்லை. ஆனால் அந்தத் தலைவரை அவர் உரித்த உரியைப் பார்த்திருக்க வேண்டும். தலைமுடியிலிருந்து தொடங்கி, பேசுகிற விதம், நடக்கிற விதம், கொடுத்த வாக்கு, விட்ட வாக்கு என்று கால் விரல் வரைக்கும் வந்தார். கடைக்காரர் வடிகட்டியைக் கையில் பிடித்தபடி சிரிப்பில் குலுங்கினார்.

எனக்கு வாய் கிடையாது என்பதை மறந்துவிட்டேன். எழுந்து போய், சற்று முன் நல்லவர் என்றீர்களே என்று கேட்டேன்.

கந்தசாமி துளிகூடக் கூச்சப்படவில்லை. "அது ஊடுங்க. ஊட்டுக்கு வந்து தண்ணி குடிச்சவங்க முன்னால ஒருத்தரைக் கொறை சொல்றதுங்களா? நீங்க அவருக்கு வேண்டப்பட்டவங்களா இருந்தா உங்க மனசு கெட்டுப்போவுமில்லீங்?" என்றார்.

ஸ்டெல்லா டீ கிளாஸைக் கீழே வைத்தாள். "தண்ணி குடிச்சவங்க" என்று அவர் சொன்னதைத் தனக்குள் ஒருமுறை திருப்பிச் சொன்னாள். பிறகு அவள் முகம் மாறியது. கணக்குப் பாடத்தில் விடை கிடைக்கும்போது சிறுவயதில் மாறுமே, அந்த மாற்றம்.

அவள் பிழை மரியாதையில் இருந்தது. நேற்று ஒவ்வொரு வீட்டிலும் கொடுத்ததை மறுக்காமல் குடித்திருக்கிறாள். குடித்த கணத்தில் விருந்தாளி ஆகிவிட்டாள். விருந்தாளி காதில் கசப்பானது எதுவும் விழக் கூடாது என்பது இந்த ஊரின் வழக்கம். பன்னிரண்டு வீடும் ஒரே பதில் சொன்னது அதனால்தான்.

கேள்வியின் ஒரு சொல்லைக்கூட மாற்ற அவளுக்கு அனுமதி இல்லை. ஆனால் எங்கே நின்று கேட்பது, குடித்துவிட்டுக் கேட்பதா, கேட்டுவிட்டுக் குடிப்பதா என்று எந்தக் கையேடும் சொல்லவில்லை.

"அப்ப என்னுதைத் திருத்திக்கோங்க அம்மிணி" என்றார் கந்தசாமி.

முடியாது என்றாள். ஒரு நாளில் ஒருவரை ஒருமுறைதான் கேட்கலாம், சொன்னது சொன்னதுதான். அவர் பெரிதும் வருந்தினார். மனதில் கிடந்ததெல்லாம் டீக்கடைக்குப் போய்ச் சேர்ந்தது, டில்லிக்குப் போகவில்லை. மற்ற வீடுகளுக்கு எதையும் சொல்லிவிடாதீர்கள் என்று அவள் கேட்டுக்கொண்டபோது, வெற்றிலையைச் சுருட்டி வாயில் அடைத்துக்கொண்டார்.

மூன்றாம் வீட்டிலிருந்து எல்லாம் வெளிவாசலில் நடந்தது. படலைத் திறந்து உள்ளே கூப்பிடுவார்கள். ஸ்டெல்லா வேப்பமர நிழலிலேயே நிற்பாள். முதலில் கேள்வி, பிறகு தண்ணீர் என்பாள். நான் பத்தடி தள்ளி நின்று ஆட்டுக்குட்டிகளோடு பேசிக்கொண்டிருப்பேன். பதில்கள் பிரியத் தொடங்கின. ஒருவர் ஆளுகிறவரை உச்சியில் வைத்தார், அவர் தம்பி பாதாளத்தில் தள்ளினார். கோழிப்பண்ணை வைத்திருக்கும் ஒருவர் இருவரையும் ஒரே குட்டையில் முக்கினார். யாரும் குரலை உயர்த்தவில்லை. களையெடுக்கிற நிதானத்தோடு சொன்னார்கள். கூட்டம் போட்டுக் கத்துகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கிழங்கு மண் ஒட்டிய கையோடு, நாட்டின் ஆகப் பெரிய மனிதர்களை நிறுத்தி எடை போடுகிறவர்களை அன்றுதான் பார்த்தேன்.

மாலை நான்கு மணிக்குக் கடைசி வீடு, தெய்வானையுடையது. நாற்பது வயதிருக்கும். கணவர் ரிக் வண்டியில் ஆழ்துளைக் கிணறு போட வடக்கே போயிருந்தவர், முந்தின இரவுதான் திரும்பியிருந்தார். கட்டிலில் படுத்தபடியே எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்டெல்லா வாசலிலேயே நின்றதும் தெய்வானையின் முகம் சுண்டிப்போனது.

"ஏனுங், நேத்து எங்க ஊட்டுக் காப்பி நல்லா இல்லீங்களா?"

உள்ளே போய்க் குடித்துவிட்டால் இந்த வீட்டின் பதில் பழையபடி சர்க்கரையாகிவிடும். போகாவிட்டால் ஒரு பெண்ணின் மனம் நோகும்.

"உங்க காப்பிக்காகத்தாங்க இந்த வீட்டைக் கடைசியா வெச்சேன்" என்றாள் ஸ்டெல்லா. "மொதல்ல வேலை முடியட்டும். அப்பறம் ரெண்டு டம்ளர் குடிக்கிறேன்."

தெய்வானை அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு தானே படியிறங்கி வந்தாள். நேற்று இவள் வாயைத் திறக்குமுன் கட்டிலில் இருந்த அத்தையார் பதில் சொல்லிவிட்டாராம். இன்று அந்த இடத்தில் கணவர். அதனால் பதிலை அவள் வாயால் சொல்லவில்லை. நானே தொடட்டுமா என்று கேட்டு டேப்லெட்டை வாங்கினாள். முந்தானையால் வெயிலையும் கட்டிலையும் ஒருசேர மறைத்தாள். விரல் ஒருமுறை பட்டது. சற்று நின்று, மறுமுறை பட்டது. எதைத் தொட்டாள் என்று எனக்குத் தெரியாது. கட்டிலில் இருந்தவருக்கும் தெரியாது.

காப்பியை உண்மையிலேயே இரண்டு டம்ளர் குடித்தோம். இரண்டாவது டம்ளரில் இருக்கும்போது சென்னையிலிருந்து செய்தி வந்தது. கொடி போய்விட்டது, ஊர் கணக்கில் நிற்கிறது. ஸ்டெல்லா படித்துவிட்டுப் போனைப் பைக்குள் போட்டாள். அவ்வளவுதான் அவள் கொண்டாட்டம். ஒரு விரலசைவில் நான்கு வீட்டை மாற்றியிருக்கலாம் அவள். அதற்குப் பதில் ஒரு ஊரின் வாசல்கள் முழுக்க வெயிலில் நின்றாள்.

திரும்பும்போது மலை வலப்பக்கம் வந்தது. ராசிபுரத்தில் விளக்குகள் ஏற்றிவிட்டார்கள். சேலத்தில் எங்கள் வீடுகளிலும் அந்த இரண்டு தலைவர்களின் படமும் தொலைக்காட்சியில் தினமும் வருகிறது. நாங்கள் தட்டுகளோடு உட்கார்ந்து கத்துகிறோம். அத்தனை கத்தலிலும் ஸ்டெல்லா எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியாது என்பது மல்லூர் வாசத்தில்தான் உறைத்தது.

அவள் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினேன். எஞ்சினை அணைக்காமலே கேட்டேன், இரண்டு பேரில் உனக்கு யார் என்று.

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கேட்டைத் திறந்தவள், திரும்பிப் பார்த்துச் சிரித்தாள்.

"மொதல்ல உள்ள வந்து தண்ணி குடிண்ணா. அப்பறம் கேளு."