முதலில் பார்த்த பிரஷ்

எங்கள் பக்கத்து நாய்களுக்கு முடி இருப்பதே தொட்டுப் பார்த்தால்தான் தெரியும். அப்படி உடம்போடு ஒட்டிக் கிடக்கும். அதனால் சித்தப்பாவைக் கட்டிக்கொண்டு கோயம்புத்தூரிலிருந்து வந்த சித்தி, கூடவே ஒரு சடைநாயைக் கொண்டுவந்தபோது தெருவே வேடிக்கை பார்த்தது. தலை எது வால் எது என்று அது நடக்க ஆரம்பித்தால்தான் கண்டுபிடிக்க முடியும். பஞ்சு என்று பெயர்.

அந்த ஐப்பசியில் மழை வெறித்து வெயில் தலைகாட்டியதும் பஞ்சு வீட்டுக்குப் பின்னாலிருந்த கரிசலில் போய் ஆசைதீரப் புரண்டுவிட்டு வந்தது. கரிசல் மண் காலில் ஒட்டினாலே லேசில் விடாது. முடியில் ஒட்டிக் காய்ந்தால் கேட்க வேண்டுமா? குளிப்பாட்டியதில் சிக்கு இறுகியதுதான் மிச்சம். சித்தி ஊரிலிருந்து கொண்டுவந்த பிரஷ்ஷும் பல் உதிர்ந்துபோனது. புதிதாக ஒன்று வேண்டுமென்று அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். வத்தல் கமிஷன் கடையில் சோலி கிடக்கிறது என்று சித்தப்பா நாளைக் கடத்தினார். ஒருநாள் காலையில் அவராகவே ஒரு முடிவுக்கு வந்து, கத்தரிக்கோலோடு நாயை ஒட்ட வெட்ட உட்கார்ந்துவிட்டார்.

சித்தி கத்தரிக்கோலைப் பிடுங்கினாள். அழவில்லை, சத்தம் போடவில்லை. பையில் துணிகளை அடுக்கினாள். சாயங்கால ரயிலில் ஊருக்குப் போவதாக அம்மாவிடம் சொன்னாள். திரும்பி வருவதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. வலிக்காமல் தலை பின்னிவிட அந்த வீட்டில் அவளைத் தவிர எனக்கு ஆளில்லை.

சித்தப்பாவுக்கு அப்போதுதான் உறைத்தது. என்னை வண்டியில் ஏற்றிக்கொண்டு கடைத்தெருவுக்குப் பறந்தார். முதலில் ஒரு ஷூ பிரஷ் வாங்கினோம். அது முடியை மேலாகத் தடவியதோடு சரி. அடுத்தது இரும்புக்கடையில் துரு தேய்க்க விற்கும் கம்பி பிரஷ். அது பட்டதும் பஞ்சு போட்ட அலறலில் சித்தி நாயைத் தூக்கிக்கொண்டு போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

“நாய் அவளோடது. அவளையே கூட்டிட்டுப் போய் எடுக்க வேண்டியதுதானே?” என்றாள் அம்மா.

எங்கள் வீட்டில் அப்படியொரு வழக்கமே கிடையாது. சேலையைக்கூட ஆண்கள்தான் கட்டாக வாங்கி வருவார்கள். பெண்கள் அதிலிருந்து ஆளுக்கொன்று எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். சித்தப்பா செருப்பை மாட்டிக்கொண்டு போய் ஆட்டோ பிடித்து வந்தார். பிரஷ் வாங்கிக்கொண்டு நேரே ஸ்டேஷன் என்று சொல்லி, சித்தி பையோடும் நாயோடும் ஏறினாள். நல்ல பிரஷ் சீக்கிரம் அமைந்துவிட்டால் அவள் போகமாட்டாள் என்று நானாக நம்பிக்கொண்டு கூட ஏறினேன்.

மீன் தொட்டி விற்கும் கடை ஒன்றில் நாய்ச் சாமான்களும் இருந்தன. கடைக்காரர் பிரஷ்களை எடுத்துப் பரப்பினார். கம்பி நுனிகளில் உருண்டைப் பொட்டு வைத்த ஒன்றை சித்தி முதலில் எடுத்தாள். மணிக்கட்டில் அழுத்திப் பார்த்தாள். பஞ்சுவின் காதோரம் இழுத்தாள். அது முனகக்கூட இல்லை. இதுவே இருக்கட்டும் என்று நான் கெஞ்சினேன். அவள் அதை ஓரமாக வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தாள். இதில் கம்பி நெருக்கமாக, வளைந்து இருந்தது. சட்டென்று சித்தப்பாவின் கையைப் பிடித்து பிரஷ்ஷை அதன்மேல் இழுத்தாள்.

“வலிக்குதுங்களா?”

“இல்லையே.”

“நெசமாச் சொல்லுங்க.”

“லேசா வலிக்குது.”

வெளியே ஆட்டோக்காரர் ஹார்ன் அடித்தார். “அண்ணாச்சி, ரயிலு வார நேரமாச்சு!” சித்தப்பாவின் கழுத்தெல்லாம் வியர்வை. சுவர்க் கடிகாரத்தை ஒருதரம் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்துத் தணிந்த குரலில் கேட்டார்: “ஒனக்கு எது தோதா இருக்கு?”

வீட்டில் யாரும் யாரிடமும் அப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை. சித்தியின் கை அப்படியே நின்றது. அதற்குப் பிறகுதான் அவள் இன்னும் மெதுவானாள். பெரிய பல் சீப்பு, சின்னப் பல் சீப்பு, மரப்பிடி, ரப்பர் பிடி என்று ஒன்றையும் விடவில்லை. இது நல்லாயிருக்கு, அது நல்லாயிருக்கு என்று நான் தவியாய்த் தவித்தேன்.

தூரத்தில் ரயில் கூவியது. பிரஷ் அமையுமுன்னே ரயில் வந்துவிட்டது, எல்லாம் போச்சு என்று எனக்கு அழுகை முட்டியது. “சித்தி, ரயிலு வந்துட்டு!”

அவள் நிமிரவே இல்லை. “வரட்டும் கண்ணு” என்று சொல்லிவிட்டு, மேல் தட்டில் இருந்ததையும் எடுக்கச் சொன்னாள்.

ரயில் சத்தம் தேய்ந்து அடங்கியபின், முதலில் ஓரமாக வைத்த அந்தப் பிரஷ்ஷையே எடுத்துக் கட்டச் சொன்னாள். ஆட்டோ வீட்டுப் பக்கம் திரும்பியது. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. “இத மொதல்லயே எடுத்திருக்கலாம்லா சித்தி?” என்று நியாயம் கேட்டேன்.

சித்தப்பா அவசரமாக என் வாயைப் பொத்தினார். எதற்கென்று எனக்கு விளங்கவே இல்லை.