கார்டில் இல்லாத பிள்ளைகள்

தோட்டத்தை விட்டு இறங்கி மூன்று மைல் வந்துவிட்டேன். தோளில் சுருட்டிய கம்பளி, அதற்குள் ஒரு மாற்றுச் சட்டை, ஒரு தட்டு. மழை விட்டிருந்தது. கூடலூர் போகும் சாலையோரத்து ஓடையில் மட்டும் தண்ணீர் சத்தம் போட்டுக்கொண்டே கூட வந்தது. காலையில் ஆள் கூடுகிற நேரத்தில் கிளார்க்கிடம் போய், “என் பேர எடுத்துடுங்க ஐயா” என்று சொல்லிவிட்டுக் கிளம்பியிருந்தேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “இந்தத் தடவ நாலு மாசம் தாங்கிட்ட. பரவால்ல, முன்னேற்றந்தான்” என்றார்.

ஒரே இடத்தில் நாலு மாதம் இருந்தால் எனக்கு உள்ளங்கால் அரிக்கும். இலங்கையிலிருந்து கப்பலேறி வந்த பிறகு செங்கல் சூளை, ரோட்டு வேலை, மரம் அறுக்கிற இடம், கடைசியாக, விட்டுப் போவதும் திரும்பி வருவதுமாக இந்தத் தேயிலைத் தோட்டம். படிப்பு ஆறாம் வகுப்போடு நின்றது. இதையெல்லாம் குறையாகச் சொல்லவில்லை, இருந்தபடி சொல்கிறேன். ஆனால் அன்றைக்கு நான் அவ்வளவு வேகமாக நடந்ததற்குக் காரணம் அரிப்பு மட்டும் அல்ல. சாலை திரும்புகிற இடத்தில் டீக்கடை முன்னால் பஸ் நிற்கும். தோட்டத்துக்கு வந்திருந்த நர்ஸ் சிஸ்டர் அந்த பஸ்ஸில் ஊருக்குத் திரும்பப் போகிறார். அவர் அங்கே வந்து சேர்வதற்குள் அந்த இடத்தைக் கடந்துவிட வேண்டும். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

சிஸ்டர் ஊட்டி காந்தலில் பிறந்தவர். நர்ஸ் படிப்பு முடித்து, முறையாகப் பதிவு செய்து, பத்து வருடத்துக்கு மேல் வார்டில் வேலை பார்த்தவர். அந்த வேலைக்கு லீவு போட்டுவிட்டு, கீழே சமவெளியில் ஒரு நர்ஸிங் கல்லூரியில் முதுகலைப் படிப்புக்குச் சேர்ந்திருந்தார். முதல் நாள் ஆபீசில் கிளார்க் அவரைக் கேட்டது எனக்கு நினைவிருக்கிறது. “நர்ஸாயிட்டீங்க. இன்னும் படிச்சா டாக்டராக்கிருவாங்களா சிஸ்டர்?” அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: “இல்லீங்க. டாக்டர் வந்து சேர்ற வரைக்கும் கைய கட்டிட்டு நிக்காத நர்ஸாக்குவாங்க.” கிளார்க்குக்கு அது பிடிக்கவில்லை. தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களைக் காட்டுவதற்கு ஒரு ஆளை அனுப்ப வேண்டும் என்றபோது, எந்த வேலையிலும் நிற்காத என்னைத் தள்ளிவிட்டார்.

எங்கள் தோட்டத்தில் முக்கால்வாசிப் பேர் இலங்கைத் தோட்டங்களிலிருந்து வந்தவர்கள். அங்கே நர்ஸை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம். இங்கேயும் அவர் ஒரே நாளில் மிஸ்ஸியாகிவிட்டார். கர்ப்பிணிப் பெண் இருக்கிற ஒவ்வொரு வீட்டுக்கும் போவார். வாசலில் குந்தி உட்கார்ந்து, கீழ் இமையை இழுத்துப் பார்ப்பார். நகத்தை அழுத்திப் பார்ப்பார், நாக்கை நீட்டச் சொல்வார், ரத்த அழுத்தம் எடுப்பார். பிறகு கேள்விகள். இது எத்தனையாவது கர்ப்பம், எத்தனை பிறந்தது, எத்தனை உயிரோடு இருக்கிறது. கடைசியில் நோட்டில் அந்தப் பெண்ணின் பெயருக்கு மேலே ஒரு வட்டம் போடுவார். நிறையப் பெற்று நிறைய இழந்தவள் என்றால் ஆபத்து, சிவப்பு மை; பிரசவத்துக்கு முன்பே ஆஸ்பத்திரிக்கு இறக்கிவிட வேண்டும். நீல மை என்றால் தோட்டத்து மருத்துவச்சி லயத்திலேயே பார்த்துக்கொள்ளலாம். டாக்டர் இல்லாத இடத்தில் ஒரு நர்ஸ் தன் அறிவை வைத்தே இப்படிச் சரியாகப் பிரித்துவிட முடியும் என்று காட்டுவதுதான் அவருடைய ஆய்வு. அந்த நோட்டுத்தான் அவருடைய பட்டம். அது தேறாவிட்டால் பழைய வார்டுக்கே திரும்பி, யாராவது டாக்டர் கையெழுத்துப் போடும் வரை காத்து நிற்க வேண்டும்.

அந்த நோட்டைக் கெடுத்தவன் நான்.

எப்படி என்று சொல்ல வேண்டுமானால், நான் யார் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து இந்தியாவுக்கு அனுப்பிய ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு கார்டு உண்டு. அதில் யார் யார் பெயர் இருக்கிறதோ அவர்கள்தான் அந்தக் குடும்பம். பக்கத்து லயத்தில் இருந்த ஒரு அக்காவின் கார்டில் அவளுடைய தம்பி பெயர் இருந்தது. கப்பலேறுகிற சமயத்தில் அவன் வரமாட்டேன் என்று கொழும்புப் பக்கம் ஓடிவிட்டான். எனக்கு யாரும் இல்லை. புறப்பட்டுப் போக ஒரு வழி கிடைத்தால் போதும் என்றிருந்தேன். அவனுடைய பெயரில் நான் கப்பலேறினேன். ராமேஸ்வரத்தில் இறங்கும்போது என்னை ‘தம்பி’ என்று அவள் கூப்பிட்டது அதிகாரி காதில் விழுவதற்காக. அப்புறம் அது பழகிவிட்டது. எனக்குக் காய்ச்சல் வந்தால் கஞ்சி வைத்துக் கொடுத்தவள் அவள்தான்.

அதனால், நோட்டோடு ஒரு அம்மா வந்து வீடு வீடாகப் பேர் கேட்கப் போகிறார் என்றதும் நான் பயந்துவிட்டேன். சர்க்கார் ஆள் என்றே நினைத்தேன். சிஸ்டர் மறுநாள் எந்த லயத்துக்கு வருகிறார் என்று முந்தின சாயங்காலமே போய்ச் சொல்லி வைப்பது என் வேலை. போன இடத்தில் எல்லாம் இதையும் சேர்த்துச் சொன்னேன்: “மிஸ்ஸி என்ன கேட்டாலும் கார்டுல உள்ளபடி சொல்லிடுங்க. கூடவும் வேணாம், கொறையவும் வேணாம். அப்புறம் சர்க்கார் தர்ற வீடு கெடைக்காம போயிரும்.” நான் சொல்லியிருக்கவே வேண்டாம். அதிகாரி கேட்டால் கார்டைச் சொல்வது எங்கள் ஆட்களுக்குக் கைவந்த பழக்கம். நான் அதற்கு முத்திரை குத்தினேன், அவ்வளவுதான்.

கார்டில் செத்த பிள்ளைகள் இல்லை. பதிவதற்கு முன்பே இலங்கையில் புதைத்துவிட்டு வந்த பிள்ளைகளை யார் கார்டில் எழுதுவார்கள்? ஐந்து பெற்று இரண்டு மிஞ்சிய பெண், “ரெண்டுதான் மிஸ்ஸி” என்பாள். இது மூன்றாவது என்று சிஸ்டர் எழுதிக்கொள்வார். ஒருநாள் மத்தியானம் சிஸ்டர் நோட்டைப் புரட்டிக்கொண்டே என்னைப் பார்த்துக் கேட்டார். “ஏனுங்க தம்பி, இத்தன ஊட்டுல ஒரு புள்ளகூடவா சாகல? எங்க காலேஜ் மேடம் இத நம்ப மாட்டாங்களே.” நான் பூட்ஸ் கயிற்றைக் குனிந்து கட்டினேன். அவரே பதிலும் சொல்லிக்கொண்டார். “பொய் சொல்ல இவங்களுக்கு என்ன வந்துது? இலங்கையில தோட்டத்து ஆஸ்பத்திரி நல்லா இருந்திருக்குமாட்ட இருக்குது.”

இரண்டாவது வாரத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, அவர் சர்க்கார் கணக்கெடுக்க வந்தவர் இல்லை என்று. இருந்தும் சொல்லவில்லை. சொல்லாததற்குப் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. ஒரு நாள் தள்ளினேன், அடுத்த நாள் சொல்வது இன்னும் கடினமாகிவிட்டது. இதே தோட்டத்தில் இருந்த என் அக்காவின் வாசலிலும் சிஸ்டர் குந்தி உட்கார்ந்தார். அக்கா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “ரெண்டு” என்றாள். நீல வட்டம். அக்காவுக்கு அது ஏழாவது. அதற்கு முந்தினதில் ரத்தம் நிற்காமல் போய் அவளைக் கம்பளியில் கட்டித் தூக்கிக்கொண்டு ஓடியவர்களில் நானும் ஒருவன்.

இப்போது என் வீட்டுக்கும் ஃபார்ம் வைத்துக்கொண்டு பெண்பிள்ளைகள் வருகிறார்கள். நர்ஸிங் படிக்கிறோம் தாத்தா, நாலு கேள்விதான் என்பார்கள். நான் கேட்டதையும் சொல்வேன், கேட்காததையும் சொல்வேன். அவர்கள் பேனாவை மூடிவிட்டு வாசலைப் பார்ப்பார்கள். நான் விடுவதில்லை.

அன்றைக்கு டீக்கடைத் திருப்பத்துக்கு வந்தபோது சிஸ்டர் எனக்கு முன்பே அங்கே பெட்டியோடு உட்கார்ந்திருந்தார். தோட்டத்து ஜீப் அவரை இறக்கிவிட்டுப் போயிருந்தது. கடைக்கார மலையாளச் சேட்டன் என் கம்பளியைப் பார்த்து, “மோனே, பின்னேயும் புறப்பாடா?” என்று சிரித்தார்.

“எங்க தம்பி கெளம்பிட்டீங்க?” என்றார் சிஸ்டர்.

“ஸ்ரீமதுரப் பக்கம் மிளகு பறிக்க ஆள் தேடுறாங்களாம் மிஸ்ஸி.”

“கால்ல சக்கரம் கட்டிட்டுப் பொறந்திருக்கீங்க. நல்லவேளை கண்ணுல பட்டீங்க. காலேஜுக்குக் குடுக்கற புஸ்தகத்துல மொதப் பக்கத்துல ஒதவுனவங்க பேரெல்லாம் போடோணும். நீங்க இல்லாட்டி இது ஆகியிருக்காது. உங்க முழுப்பேர் சொல்லுங்க.” மடியில் நோட்டைத் திறந்து பேனாவை எடுத்துவிட்டார்.

ஒரு பெயரைச் சொல்லிவிட்டு நடந்திருக்கலாம். கார்டுப் பெயர் நாக்கு நுனியில் எப்போதும் தயாராக இருக்கும். அது வரவில்லை. “எந்தப் பேர மிஸ்ஸி?” என்று கேட்டுவிட்டேன். அவர் நிமிர்ந்தார். அதற்குப் பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். கப்பலை, கார்டை, முந்தின சாயங்காலங்களில் நான் சொல்லி வைத்ததை. நின்றுகொண்டே சொன்னேன். உட்காரச் சொல்லி அவரும் சொல்லவில்லை.

“எத்தன ஊட்ல?”

“எல்லா வீட்லயும்.”

பஸ் வந்து நின்றது. கண்டக்டர் விசில் கொடுத்துவிட்டு, “சிஸ்டர், ஏறலீங்களா?” என்றான். அவர் நோட்டைப் பின்பக்கமாகப் புரட்டிக்கொண்டிருந்தார். திட்டப் போகிறார் என்று காத்திருந்தேன். அவர் கேட்டது வேறு.

“உங்க அக்காவுக்கு இது எத்தனாவது?”

“ஏழாவது. போன தடவ ரத்தம் நிக்கல்ல.”

“நான் நீலம் போட்டிருக்கேன்” என்றார், என்னிடம் அல்ல. பெட்டியைக் கடையில் வைத்துவிட்டு, பை ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மேட்டில் ஏறத் தொடங்கினார். பஸ் போய்விட்டது. நானும் பின்னாலேயே நடந்தேன். அந்த மூன்று மைலும் அவர் நிற்கவே இல்லை. அவர் வேகத்துக்கு என்னால் ஈடுகொடுக்க முடியவில்லை. இத்தனை வருடம் நடந்த கால்கள் அன்று பின்தங்கின.

அக்கா வேலைக்குப் போகவில்லை. லயத்தில் தன் காம்பரா அறையில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். காலையிலிருந்து முதுகு வலி என்றாள். சிஸ்டர் வயிற்றில் கை வைத்துப் பார்த்துவிட்டு, “அக்கா, உண்மையச் சொல்லுங்க, எத்தன பெத்தீங்க?” என்று கேட்டார்.

அவள் என்னைத்தான் பார்த்தாள். “கார்டுல ரெண்டுதான் மிஸ்ஸி.”

“கார்டா புள்ள பெறப்போகுது? நீங்கதான பெறோணும்.”

“சொல்லு அக்கா” என்றேன்.

அவள் விரலை மடக்கத் தொடங்கினாள். ஒன்று பிறந்தபோதே நீலமாக இருந்தது. ஒரு பெண் ஒன்பது நாள் இருந்தாள், தலை நிறைய முடி. இன்னொன்று மழைக்காலத்தில். அவள் எங்கள் யாரிடமும் இவ்வளவு பேசியதில்லை. வலி வந்தபோது நிறுத்திவிட்டு, போனதும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். சிஸ்டர் எல்லாவற்றையும் எழுதினார். நீல வட்டத்தின் மேல் சிவப்பு மையை அழுத்தி ஓட்டியபோது தாள் கிழிந்தது.

கொழுந்து ஏற்றுகிற லாரியை நான் போய் மறித்தேன். டிரைவர், “கொழுந்து வாடிப்போனா நீயாடா தொரைக்குப் பதில் சொல்லுவ?” என்றான். சிஸ்டர் வந்து ஏறி உட்கார்ந்ததும் மூட்டைகளை ஓரமாகத் தள்ளி இடம் பண்ணினான். பச்சை இலை மூட்டைகளுக்கு நடுவே அக்காவைப் படுக்க வைத்து, பொழுது சாய்வதற்குள் கூடலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டோம். சிஸ்டர் அங்கே டாக்டரிடம் இரண்டே நிமிடத்தில் எல்லாவற்றையும் சொன்னார். எத்தனையாவது, முன்பு என்ன ஆனது, ரத்த அழுத்தம் எவ்வளவு, என்னவெல்லாம் தயாராக இருக்க வேண்டும். சொல்லிவிட்டு உள்ளே போனார். ஆண் குழந்தை. அவர் பயந்தது போலவே ரத்தம் போயிற்று. தயாராக இருந்ததால் நிறுத்திவிட்டார்கள். லயத்தில் என்றால் நின்றிருக்காது என்று பிறகு அவரே சொன்னார். ஆறுதலுக்காக அல்ல, எனக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று.

வராந்தாவில் கை கழுவிவிட்டு வந்தவரிடம், “உங்க படிப்பு மிஸ்ஸி?” என்று கேட்டேன்.

“நாளைக்கு மொத ஊட்ல இருந்து மறுபடி.”

“காலேஜ்ல விடுவாங்களா?”

“தெரியலீங்க. கடுதாசி போட்டுக் கேக்கோணும்.”

“நானும் வாரேன். நானே சொல்லுறேன், நான் சொன்னது தப்புன்னு.”

“வேண்டாம்” என்றார். குரல் உயரவில்லை. “நீங்க வாசல்ல நின்னா, உங்க மூஞ்சியப் பாத்துத்தான் பதில் சொல்லுவாங்க. என்னைய நம்ப வெக்கறது என்னோட வேல. அத நான் செய்யாமயே எழுதிட்டேன்.” கையைத் துடைத்துக்கொண்டே, “உங்க மேல கோவம் இல்லைன்னு சொல்ல மாட்டேன்” என்றும் சொன்னார்.

காலேஜில் அவருக்கு நேரம் கொடுத்தார்கள், ஆனால் கூடப் படித்தவர்களோடு பட்டம் வாங்க முடியவில்லை. ஒரு வருடம் பிந்தியது. இரண்டாவது நோட்டில் செத்த பிள்ளைகள் பக்கம் பக்கமாக இருந்தார்கள் என்று தோட்டத்து மருத்துவச்சி பிற்பாடு என்னிடம் சொன்னாள். முதல் பக்கத்தில் என் பெயர் இருந்ததா என்று நான் கேட்கவில்லை.

குழந்தை பிறந்த மறுநாள் காலை முதல் பஸ்ஸில் சிஸ்டர் மேலே தோட்டத்துக்குப் போனார். நான் ஆஸ்பத்திரி வாசலில் நின்றேன். பிரசவ வார்டுக்குள் ஆம்பிளைகளை விட மாட்டார்கள். வேலைக்காரர்களுக்கு மட்டும் விதிவிலக்கு. அடுப்படியில் மருத்துவக் கருவிகளைக் கொதிக்க வைக்கிற ஆள் வேலையை விட்டு ஒரு வாரம் ஆகிறது என்று காவலாளி சொன்னார். உள்ளே போய் அந்த வேலையைக் கேட்டேன். தலைமை நர்ஸ் என் கம்பளியை ஒருமுறை, கால்களை ஒருமுறை பார்த்தார். கத்தரிகளும் ஊசிகளும் கிடந்த பெரிய பாத்திரத்தைக் காட்டினார்.

“தண்ணி தளதளன்னு கொதிச்ச பெறகு இருவது நிமிசம். கடிகாரம் அங்க இருக்குது. அது வரைக்கும் இந்த எடத்த உட்டு அசையக் கூடாது. ஒரு நிமிசம் கொறைஞ்சாலும் மொதல்ல இருந்துதான். முடியுமா உன்னால?”

முடியும் என்றேன். கம்பளியைச் சுவரோரம் வைத்துவிட்டு, அடுப்பின் முன் உட்கார்ந்தேன்.